தோள்பட்டை லேப்ரம் கிழிசலுக்கு ஐசிடி-10-சிஎம் புத்தகம் எவ்வளவு கைகொடுக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முழுப் புத்தகத்துக்கான விமர்சனம் கிடையாது. நோய்க்கும் காயத்துக்கும் அமெரிக்காவில் போடும் கோடுகள், அதாவது குறியீட்டு எண்கள், 70,000க்கும் மேல் இருக்கிற ஒரு புத்தகத்தை முழுசாக எடைபோட ஒரு ஆளால் முடியாது, கண், காது, பிரசவம் பக்கங்களை நான் திறந்தே ரொம்ப நாளாகிறது. சென்னையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அமெரிக்க ஆர்த்தோ சர்ஜரி (எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை) சார்ட்டுகளைப் படித்து இன்ஷூரன்ஸ் பில்லுக்காக கோடிங் செய்கிறேன், வருகிற சார்ட்டில் பாதிக்கு மேல் தோள்பட்டைதான். அதனால் லேப்ரம் (தோள்குழியின் விளிம்பு வளையம்) கிழிந்த ஒரு சார்ட் வந்து விழுந்தால் இந்த ஐசிடி-10-சிஎம் புத்தகம் எவ்வளவு தூரம் கூட வருகிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது, அதை மட்டும் சொல்கிறேன். மெடிக்கல் கோடர்களுக்கான சிபிசி தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும், வேறு பிரிவிலிருந்து திடீரென்று ஆர்த்தோவுக்கு மாற்றப்பட்டு முழிக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

விலை அதிகம். நானும் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் பணம் சேர்த்துத்தான் வாங்கினோம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் தனியாக வாங்கினால் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். இதே கோடுகளைப் பல பதிப்பகங்கள் அச்சடித்து விற்கின்றன. உள்ளே இருக்கும் கோடு எல்லாவற்றிலும் ஒன்றுதான், அமெரிக்க அரசு வெளியிடுவதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். மாறுவது தாள், வண்ணக் குறிகள், படங்கள், பைண்டிங் மட்டும். எங்கள் பதிப்பு ஸ்பைரல் போட்டது, மேசையில் விரித்துவைத்தால் மூடிக்கொள்ளாமல் அப்படியே கிடக்கும், இரண்டு கையும் கீபோர்டில் இருக்கிற வேலைக்கு அது பெரிய விஷயம். தாள்தான் ரொம்ப மெல்லிசு. தோள் காயங்களுக்கான எஸ்43 பக்கத்தில் ஆசையாக மஞ்சள் ஹைலைட்டர் போட்டேன், பின்பக்கத்தில் இரண்டு வரி ஊறிப்போய் எழுத்து மங்கிவிட்டது. அப்புறம் பென்சிலோடு நிறுத்திக்கொண்டேன்.

இலவசமாக இணையத்தில் கிடைக்கிறதே, அச்சுப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், தேர்வு. சிபிசியில் 100 கேள்வி, 4 மணி நேரம், புத்தகம் பார்த்து எழுதலாம், அதனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. அந்தப் பழக்கம் திரையில் தேடித் தேடி வராது, தாளைப் புரட்டித்தான் வரும். எந்த வருடப் பதிப்புக்கு அனுமதி என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1ஆம் தேதியும் மாறுகின்றன.

சரி, லேப்ரத்துக்கு வருகிறேன். தோள்மூட்டில் பந்து பெரியது, குழி சின்னது, ஆழமும் கிடையாது. அந்தக் குழியின் விளிம்பைச் சுற்றி நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு வளையம் ஒட்டியிருக்கிறது, அதுதான் லேப்ரம். என் பாட்டி வீட்டில் மண்பானைக்கு அடியில் வைக்கோல் பிரிமணை வைப்பார்கள், பானை உருளாமல் உட்கார்ந்திருக்கும். லேப்ரம் என்ற வார்த்தையை எங்கே படித்தாலும் எனக்கு அந்தப் பிரிமணைதான் கண்ணுக்கு வரும். பிரிமணை ஒரு பக்கம் பிரிந்துபோனால் பானை அந்தப் பக்கம் சாயும். லேப்ரமும் அப்படித்தான், எந்தப் பக்கம் பிரிந்தது என்பதைப் பொறுத்துத்தான் தோள் எந்தப் பக்கம் நழுவும், என்ன ஆபரேஷன், என்ன கோடு என்பதெல்லாம் முடிவாகிறது. ஒரே ஒரு கூடுதல் சங்கதி, இந்த வளையத்தின் உச்சியில் பைசெப்ஸ் தசையின் நீளத் தசைநாண் வந்து ஒட்டுகிறது. அதனால் உச்சியில் கிழிந்தால் அது தனிக் கதை.

இந்தப் புத்தகத்தின் பெரிய குறையும் இங்கேயே தொடங்குகிறது. அதற்கு லேப்ரத்தின் உச்சியை மட்டும்தான் பெயர் சொல்லித் தெரியும்.

இன்டெக்ஸில் லெஷன் (சேதம்) என்ற தலைப்புக்குப் போனால் சுப்பீரியர் கிளெனாய்டு லேப்ரம் (தோள்குழியின் உச்சி லேப்ரம்) என்று ஒரு வரி இருக்கும், அது எஸ்43.43- வரிசைக்கு அனுப்பும். அங்கே வலது தோளுக்கு எஸ்43.431, இடதுக்கு எஸ்43.432, எந்தத் தோள் என்றே தெரியாவிட்டால் எஸ்43.439. இதைத்தான் நாம் ஸ்லாப் லெஷன் என்கிறோம். பழைய ஐசிடி-9 காலத்தில் இதற்கு 840.7 என்று ஒரே எண்தான், வலதா இடதா என்பதுகூட அதில் இருக்காது. 2015 அக்டோபர் 1ஆம் தேதி புதிய தொகுப்பு வந்தபோதுதான் பக்கம் பிரித்தார்கள். அந்த வகையில் முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. எஸ்43.439ஐப் போட்டு அனுப்பினால் காசு வராமல் திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு, சர்ஜன் கத்தி வைத்த தோள் எது என்று தெரியாமல் ஆபரேஷன் சார்ட் இருக்கவே முடியாது, தேடினால் நோட்டில் எங்காவது இருக்கும்.

ஆனால் சர்ஜன் எழுதுவதோ இதைவிட எவ்வளவோ நுணுக்கமானது. மேலிருந்து எறியும் விளையாட்டு வீரர்களிடம் உச்சி லேப்ரம் கிழிவதை 1985இல் ஆண்ட்ரூஸ் குழுவினர் எழுதினார்கள். 1990இல் ஸ்னைடர் அதற்கு ஸ்லாப் என்று பெயர் வைத்து நான்கு வகையாகப் பிரித்தார். டைப் 1இல் விளிம்பு பிசிறு பிசிறாகத் தேய்ந்திருக்கும், ஆனால் ஒட்டு கெட்டியாக இருக்கும். டைப் 2இல் பைசெப்ஸ் ஒட்டியிருக்கும் இடமே எலும்பிலிருந்து பெயர்ந்துவிடும், சார்ட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். டைப் 3இல் லேப்ரம் வாளியின் கைப்பிடி மாதிரி கிழிந்து மூட்டுக்குள் தொங்கும், பைசெப்ஸ் பத்திரமாக இருக்கும். டைப் 4இல் அதே கைப்பிடிக் கிழிசல் பைசெப்ஸ் தசைநாணுக்குள்ளும் ஏறிவிடும். 1995இல் மாஃபெட் குழுவினர் 5, 6, 7 என்று மூன்றைச் சேர்த்தார்கள், பிறகு வந்தவர்கள் இன்னும் நீட்டி 10 வரை கொண்டுபோய்விட்டார்கள். பிசிறைச் சுத்தம் செய்து வெளியே வந்துவிடும் டைப் 1க்கும், தசைநாணையே வெட்டி வேறு இடத்தில் பொருத்த வேண்டி வரும் டைப் 4க்கும் எவ்வளவு வித்தியாசம்! புத்தகத்தில் இரண்டுக்கும் எஸ்43.43-தான்.

இதைக் குறையாகச் சொல்லலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஐசிடி நோயைச் சொல்லத்தான் இருக்கிறது, என்ன செய்தார்கள் என்பதை சிபிடி என்ற இன்னொரு கோடு தொகுப்பு சொல்லிவிடும் என்று எங்கள் டீம் லீட் சொல்வார். உண்மைதான், ஸ்லாப் ரிப்பேர் என்றால் 29807, பைசெப்ஸை ஸ்கோப் (சின்னத் துளையில் விடும் கேமரா) வழியாக வேறு இடத்தில் பொருத்தினால், அதாவது டெனோடெசிஸ் செய்தால், 29828, வெறும் சுத்தம் என்றால் 29822 அல்லது 29823. அந்தச் சுத்தம் செய்யும் இரண்டு கோடுகளிலும் எத்தனை தனித்தனிப் பகுதிகள் என்பதை 2021இல் தெளிவாக்கினார்கள், ஒன்றோ இரண்டோ என்றால் 29822, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 29823. ஆனால் நோய் கோடு ஒன்றாகவே இருந்தால், இவருக்கு ஏன் ரிப்பேர், அவருக்கு ஏன் டெனோடெசிஸ் என்ற கேள்விக்கு இன்ஷூரன்ஸுக்குப் போகும் கிளெய்மில் பதிலே இருக்காது. இன்ஷூரன்ஸ் பக்கம் இருப்பவர் நோட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கும் வரை நோயாளி காத்திருக்க வேண்டும். அதனால் குறை என்றுதான் சொல்வேன்.

உச்சியை விட்டு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். தோள் முன்பக்கமாக நழுவும்போது முன்-கீழ்ப் பக்கத்து லேப்ரம் எலும்பிலிருந்து பெயர்கிறது, அதுதான் பேங்கார்ட். லண்டன் சர்ஜன் பிளண்டெல் பேங்கார்ட் 1923இல் எழுதியது, அதற்கும் முன்னால் 1906இலேயே ஜெர்மனியில் பெர்த்தஸ் எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கும் மேல் பழக்கமான காயம், வாலிபப் பிள்ளைகளின் தோள் திரும்பத் திரும்ப நழுவுவதற்கு முக்கியக் காரணம், ஆனாலும் அந்தப் பெயரில் ஐசிடி-10-சிஎம்மில் தனி கோடு கிடையாது. அதன் உறவுக்காரர்களுக்கும் கிடையாது. எலும்புறை கிழியாமல் லேப்ரம் மட்டும் விடுபட்டிருந்தால் பெர்த்தஸ், எலும்புறையோடு சேர்ந்து உரிந்து உள்பக்கம் சரிந்து ஒட்டிக்கொண்டால் ஆல்ப்ஸா, லேப்ரத்தோடு குழியின் குருத்தெலும்பும் சேதமானால் கிளாட். ஹேகல் என்று ஒன்று வரும், அது லேப்ரமே இல்லை, தசைநார் கை எலும்புப் பக்கத்திலிருந்து பிய்ந்தது, அவசரத்தில் அதையும் லேப்ரம் என்று போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் கிழிந்தால் ரிவர்ஸ் பேங்கார்ட், அல்லது கிம் லெஷன். வலிப்பு வந்து விழுந்தவர், மின்சாரம் தாக்கியவர் சார்ட்டுகளில் தோள் பின்பக்கமாக நழுவியிருந்தால் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் போட என்னதான் இருக்கிறது என்றால், எஸ்43.49-. தோள்மூட்டின் மற்ற சுளுக்குகள் என்று அதன் பெயர். குழியின் விளிம்பு பெயர்ந்து தையலைப் பிடிக்க எலும்பில் மூன்று ஆங்கர் அடித்து தைத்த ஒரு தோளுக்கு சுளுக்கு என்று பெயர் வைக்க எனக்கு இன்றைக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் எஸ்43 தலைப்புக்குக் கீழே இருக்கும் குறிப்பைப் பொறுமையாகப் படித்தால், மூட்டின் குருத்தெலும்பும் தசைநாரும் கிழிவது, பிய்வது எல்லாம் இந்த வரிசைக்குள் அடக்கம் என்று அங்கே எழுதியிருக்கிறது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரிகள் அவை. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பேங்கார்டை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. கோடைப் பிடித்ததும் ஓடிவிடாமல் மேலே ஏறி தலைப்புக் குறிப்பைப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் நான் முதல் வருடம் தவறினேன். பத்தொன்பது வயதுப் பையன், கல்லூரி வாலிபால், விழுந்து வலது தோள் முதல்முறையாக நழுவியிருக்கிறது, மூன்று வாரத்தில் ஆபரேஷன். நோட்டில் லேப்ரல் டேர் (லேப்ரம் கிழிசல்) என்று கண்ணில் பட்டது, புத்தகத்தில் லேப்ரம் என்ற வார்த்தையோடு எனக்குத் தெரிந்த ஒரே கோடு எஸ்43.431, அதில் சிகிச்சை நடக்கிறது என்பதற்கான ஏ என்ற எழுத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். ஆடிட்டில் திரும்பி வந்தது. ஆடிட்டர் அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டின் அந்த ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்க பாரும்மா, த்ரீ டு சிக்ஸ் ஓ கிளாக்னு எழுதியிருக்காரு. உச்சி எங்க இருக்கு, ட்வெல்வ்ல. இவரு உச்சிக்குப் போகவே இல்ல." சிபிடி 29806 என்று சரியாகப் போட்டிருந்தேன், அது முன்பக்கம் தைத்ததற்கான கோடு, நோய் கோடோ உச்சி கிழிந்தது என்கிறது, இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசவில்லை. எஸ்43.491ஏ என்று திருத்தி அனுப்பினோம். அந்தக் கிளெய்ம் அப்படியே போய் நின்றிருந்தால் அந்தப் பையன் வீட்டுக்குத்தான் பில் போயிருக்கும் என்பது அன்றைக்கு உறைத்தது, இன்று வரை மறக்கவில்லை.

அதிலிருந்து எந்தத் தோள் சார்ட் வந்தாலும் முதலில் ஒரு தாளில் கடிகாரம் வரைந்துவிடுகிறேன். வலது தோளில் 12 மணி உச்சி, 3 மணி முன்பக்கம், 6 மணி அடி, 9 மணி பின்பக்கம். ஸ்லாப் என்றால் தோராயமாக 10 மணியிலிருந்து 2 மணிக்குள், பேங்கார்ட் 3க்கும் 6க்கும் நடுவில். இடது தோள்தான் சிக்கல். சில சர்ஜன்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி 9 மணியை முன்பக்கமாக எழுதுகிறார்கள், சிலர் எந்தத் தோளாக இருந்தாலும் முன்பக்கம் என்றால் 3 மணிதான் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் மணியை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்தில் ஆன்டீரியர் (முன்பக்கம்), போஸ்டீரியர் (பின்பக்கம்) என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதே சர்ஜனின் பழைய நோட்டுகளைப் பாருங்கள், அதிலும் தெரியாவிட்டால் சர்ஜனுக்குக் கேள்வி அனுப்புங்கள். கிழிசல் 6 மணியிலிருந்து 12 வரை ஏறியிருந்தால் அது டைப் 5, பேங்கார்டும் ஸ்லாப்பும் சேர்ந்தது, நாங்கள் எஸ்43.43-, எஸ்43.49- இரண்டையும் போடுகிறோம்.

இவ்வளவு முக்கியமான இந்தக் கடிகாரம் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. எங்கள் பதிப்பில் தோள்பட்டைக்கு ஒரு அழகான வண்ணப்படம் இருக்கிறது, காரை எலும்பு, தோள்பட்டை எலும்பு, கை எலும்பு எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கிறார்கள். லேப்ரம் மட்டும் இல்லை. ஓரத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது, அந்த இடத்தில் நானே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு மணி எழுதி வைத்திருக்கிறேன்.

லேப்ரத்தில் ஓட்டை என்று படித்ததும் கிழிசல் என்று எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிற தவறு. சப்லேப்ரல் ஃபோரமென் என்பது முன்-மேல் பக்கத்தில் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் ஓர் இடைவெளி. பூஃபோர்ட் காம்ப்ளெக்ஸ் என்றால் அந்த இடத்தில் லேப்ரமே இருக்காது, பதிலுக்குத் தசைநார் ஒன்று கயிறு மாதிரி தடித்திருக்கும். இரண்டும் இயல்பான உடலமைப்புதான், காயம் இல்லை. சர்ஜன் பார்த்தேன் என்று எழுதியிருப்பார், சரிசெய்தேன் என்று எழுதியிருக்க மாட்டார். புத்தகம் இதைச் சொல்லித்தராது, அது புத்தகத்தின் வேலையும் இல்லை என்பதால் இதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

ஏழாவது எழுத்துக்கு வருவோம். எஸ்43 வரிசை முழுவதுக்கும் ஏ, டி, எஸ் என்று மூன்று எழுத்துகள், அந்தப் பெட்டி தலைப்புக்குக் கீழே இருக்கிறது. எங்கள் பதிப்பில் ஏழாவது எழுத்து வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு கோடுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் குறி போட்டிருக்கிறார்கள், அது உண்மையிலேயே உதவுகிறது. ஏ என்றால் முதல் விசிட் என்று எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், வார்த்தையும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் முன்னுரையில் இருக்கும் விதிமுறையைப் படித்தால், காயத்துக்கு நேரடி சிகிச்சை நடக்கிற ஒவ்வொரு விசிட்டுக்கும் ஏ போட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தாலும் ஏ. தையலுக்குப் பிறகு கை ஆறுகிறதா என்று பார்க்க வருவதும் பிசியோதெரபியும்தான் டி, காயம் விட்டுப்போகும் பின்விளைவுக்கு எஸ். இதில் ஆபரேஷனுக்குப் பிந்தைய கவனிப்பு என்று இசட் கோடு போடுகிற பழக்கமும் சிலருக்கு உண்டு, காயங்களுக்கு அது கூடாது, அதே கோடோடு டி சேர்த்தால் போதும்.

எஸ் வரிசையா எம் வரிசையா என்பதுதான் அடுத்த குழப்பம், தேர்விலும் இது வரலாம் என்று தயாராக இருங்கள். புதுக் காயம் என்றால் எஸ். பழைய காயம் ஆறி மிச்சம் வைத்துவிட்டுப் போன தொந்தரவு, திரும்பத் திரும்ப வருவது, வயதால் தேய்ந்தது என்றால் எம். ஐந்தாவது முறையாக நழுவி வருகிற வலது தோளுக்கு எம்24.411, பல பக்கமும் தளர்ந்த தோளுக்கு எம்25.31-, ஐம்பது வயதுக்காரருக்கு சர்ஜனே தேய்மானம் என்று எழுதிய லேப்ரம் கிழிசல் என்றால் எங்கள் டீமில் எம்24.11- வரிசைக்குப் போகிறோம். எம்24 தலைப்பில் எக்ஸ்க்ளூட்ஸ் 1 என்று போட்டு, நடப்புக் காயம் இங்கே வராது என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே பிரச்சினைக்கு எஸ், எம் இரண்டையும் கூடவே போட்டுவிட்டு எதற்காவது காசு வரும் என்று இருக்க முடியாது, எது என்று முடிவெடுக்க வேண்டும், நோட்டில் இல்லாவிட்டால் சர்ஜனைக் கேட்க வேண்டும். இந்த எக்ஸ்க்ளூட்ஸ் குறிப்புகளை எங்கள் பதிப்பில் தனி நிறத்தில் அடித்திருக்கிறார்கள், கண்ணில் படாமல் போகாது, இதற்குத் தாராளமாகப் பாராட்டலாம்.

வெளிநோயாளி சார்ட்டில் இன்னொன்று. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஸ்லாப் டேராக இருக்கலாம் என்று இருந்தால் அதை ஸ்லாப் என்று போடக் கூடாது. இருக்கலாம், சந்தேகம், வாய்ப்புண்டு என்ற எந்த வார்த்தை வந்தாலும் அறிகுறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், வலது தோள் வலி எம்25.511, இடது எம்25.512. ஆபரேஷன் முடிந்தபின் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது முன்னால் நினைத்ததிலிருந்து மாறியிருந்தால் பின்னால் எழுதியதைத்தான் எடுக்க வேண்டும். முன்-டயக்னோசிஸில் ஸ்லாப் என்று இருக்கும், ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்தால் லேப்ரம் நன்றாக இருந்து ரொட்டேட்டர் கஃப் (தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள்) கிழிந்திருக்கும், இப்படி மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். விதிமுறைகள் எல்லாம் புத்தகத்தின் முன்பகுதியில் இருக்கின்றன. பாதிப் பேர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதே இல்லை, ஆனால் என்னைக் கேட்டால் கொடுத்த காசில் பாதி அந்தப் பக்கங்களுக்குத்தான்.

இலவசமாகக் கிடைப்பதையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் இணையதளத்தில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் பிரவுசரில் எந்த வருடத் தொகுப்பு என்று தேர்ந்தெடுத்துத் தேடலாம். பழைய தேதியில் நடந்த ஆபரேஷனுக்கு அந்தத் தேதியில் நடப்பில் இருந்த கோடுதான் போட வேண்டும் என்பதால் இது ரொம்ப வசதி, அச்சுப் புத்தகத்தில் இது முடியவே முடியாது. வார்த்தையைத் தட்டினால் வந்துவிடும். ஆனால் அதிலேயே பழகியவர்கள் கோடை மட்டும் பார்த்துவிட்டு மேலே தலைப்புக் குறிப்புக்குப் போவதில்லை, இதை எங்கள் டீமிலேயே பார்க்கிறேன். விழுப்புரத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி போன மாதம் கேட்டாள், "அக்கா, பேங்கார்ட்னு அடிச்சா ஒண்ணுமே வரல, அப்ப இதுக்கு கோடே கிடையாதா?" புத்தகத்தை விரித்து எஸ்43 தலைப்பில் இருந்து கீழே வரைக்கும் விரலால் ஓட்டிக் காட்டினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, முகம் தெளிந்துவிட்டது. இப்போது அவளும் கடிகாரம் வரைகிறாள்.

எங்கள் வீட்டிலேயே ஒரு தோள் இருக்கிறது என்பதால் இதில் எனக்குக் கூடுதல் அக்கறை. தம்பி கிரிக்கெட் ஆடுகிறவன், பவுண்டரியிலிருந்து பந்தை எறிந்து எறிந்து வலது தோளில் ஆழத்தில் ஒரு வலி. கையை ஓங்கிப் பின்னால் முறுக்கும்போது பைசெப்ஸ் தசைநாண் திருகி லேப்ரத்தை எலும்பிலிருந்து உரிக்கப் பார்க்கும், எறிகிறவர்களுக்கு டைப் 2 வர அது ஒரு காரணம். மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர் ஆர்த்ரோகிராம் எடுத்தோம், ரிப்போர்ட்டில் ஸ்லாப் டைப் 2 என்று வந்தது. இன்ஷூரன்ஸ் கேஷ்லெஸ் படிவத்தில் ஐசிடி-10 கோடு எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எஸ்43.4 என்று எழுதியிருந்தார்கள். தவறில்லை, இந்தியாவில் நாம் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, அதில் இந்தக் காயத்துக்கு எஸ்43.4 வரைதான் போக முடியும், தோள்மூட்டுச் சுளுக்கு, அவ்வளவுதான், வலது இடதும் கிடையாது, லேப்ரமும் கிடையாது. அந்தக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் அமெரிக்கத் தொகுப்பு எவ்வளவு விரிவானது என்று புரிந்தது. அதில் அடிபட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கும் கோடு உண்டு, பேஸ்பாலுக்கு ஒய்93.64, வாலிபாலுக்கு ஒய்93.68. கிரிக்கெட்டுக்குத் தனி எண் இல்லை, மற்ற குழு விளையாட்டுகளோடு ஒய்93.69இல்தான் போக வேண்டும். தம்பிக்குக் கத்தி தேவைப்படவில்லை, பிசியோதெரபியிலேயே வலி குறைந்து இப்போது உள்வட்டத்தில் நின்று ஃபீல்டிங் செய்கிறான்.

மதிப்பெண் கேட்டால், லேப்ரம் கோடுகளுக்கு மட்டும் 10க்கு 5, உச்சிக்குத் தனி இடம் கொடுத்துவிட்டு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மற்றவை என்று ஒரே மூட்டையாகக் கட்டியதற்கு இதற்கு மேல் கொடுக்க முடியாது. தலைப்புக் குறிப்புகளுக்கும் விதிமுறைகளுக்கும் 9. எங்கள் பதிப்பின் தாளுக்கும் படத்துக்கும் 3. தேர்வு எழுதுகிறவர்கள் கண்டிப்பாக வாங்குங்கள், ஸ்பைரல் பைண்டிங்காகப் பார்த்து வாங்குங்கள். தேர்வு முடித்து வேலையில் இருக்கிறவர்கள் மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் போதும், மற்றதை இலவச பிரவுசரில் பார்த்துக்கொள்ளலாம். வருடா வருடம் புதிதாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை, எஸ்43.43-இன் மூன்று கோடுகளும் நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படியேதான் இருக்கின்றன, பழைய புத்தகத்தில் குறிப்புகளைப் படித்துவிட்டு கோடு நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பிரவுசரில் சரிபார்த்தால் போதும்.

தோள்பட்டைப் படத்தில் லேப்ரத்தையும் வரைந்திருக்கிற பதிப்பு ஏதாவது யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள், எங்கள் டீமுக்குப் புதிதாக நான்கு பேர் வருகிறார்கள், அக்டோபருக்குள் அவர்களுக்கு ஒன்று வாங்க வேண்டும்.